முதல் வரியில் ஒரு சுழி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில், இரண்டு ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவே கஸ்தூரியின் கடை இருக்கிறது. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எதற்கு மனு போடுவதானாலும் ஜனங்கள் அங்கேதான் வருவார்கள். கஸ்தூரி எழுதிய மனு திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேச்சு. நான் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் என் அம்மா வீட்டுப் பட்டாவுக்கு அவளிடம்தான் போனேன்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் மனு அடிக்க உட்கார்ந்தால், முதலில் தாளின் உச்சியில் 'உ' என்று பிள்ளையார் சுழி போடுவாள். அதற்குப் பிறகுதான் அனுப்புநர், பெறுநர் எல்லாம். ஆன்லைன் விண்ணப்பத்தில் சுழி போட இடம் இருக்காது. அப்போது மேஜையின் மேல் விரலால் ஒன்று போட்டுக்கொண்டு ஆரம்பிப்பாள்.

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு கஸ்தூரி புள்ளையாரு? அதுக்கு கரண்ட் இருந்தா போதும்" என்று கிண்டல் செய்வார் சகாதேவன்.

சகாதேவன் அவள் வீட்டுக்காரர். செங்கம் தாண்டி ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்ட். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சக்கரவர்த்தி. எங்கள் இருவருக்கும் பகை என்று சொல்ல முடியாது. ஆனால் மனிதர் என் பிழைப்பில் மண்ணைப் போட்டவர். யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் போய்ச் சரிசெய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். என்ன கோளாறு, என்ன செய்தார் என்று வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார். பாரதக் கூத்தில் வருகிற சகாதேவன் மாதிரிதான். எல்லாம் தெரியும், கேட்டால்தான் சொல்வார்.

கஸ்தூரி கடையில் இருப்பது ரொம்பப் பழைய பெட்டி. அதில் விண்டோஸை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். வைரஸ் வராது, மெதுவாகாது, நன்றாகத்தான் ஓடியது. ஒரே ஒரு குறை. அதில் இருந்த நெட்வொர்க் கார்டு அரதப் பழசு. காலையில் பெட்டியைப் போட்டால் எல்லாம் எழுந்துகொள்ளும், அந்தக் கார்டின் டிரைவர் மட்டும் எழாது. டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை, கார்டை வேலை வாங்குகிற ஒரு சின்ன புரோகிராம். அது ஏறாவிட்டால் நெட் இல்லை, நெட் இல்லாவிட்டால் கடையே இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிற டிரைவர் அது.

கூப்பிடுவதற்கு ஒரு வரி இருக்கிறது. 'சுடோ' என்று தொடங்கும். "சூடம்னு ஞாபகம் வெச்சுக்கோ, காலையில ஏத்தறதுதானே" என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆங்கிலம் அவ்வளவாகப் பழக்கமில்லாத கஸ்தூரி அந்த ஒரு வரியை மட்டும் எழுத்து பிசகாமல் அடிப்பாள். அதுவரைக்கும் வாசலில் நிற்கிறவர்களிடம், "இருங்க, டிரைவர் இன்னும் வரல" என்பாள். கிராமத்திலிருந்து வந்தவர்கள் ரோட்டை எட்டிப் பார்ப்பார்கள்.

தானாக வருகிற மாதிரி செய்து கொடுங்கள் என்று அவரை அவள் கேட்காத நாள் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஊருக்கெல்லாம் பார்க்கிறவருக்குப் பெண்டாட்டி கடை மட்டும் கண்ணில் படாது. எங்கள் தொழிலில் எல்லோர் வீட்டிலும் இதே கதைதான், என் வீட்டு மிக்ஸியைக் கேட்டால் சொல்லும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் அவர் கடைக்கு வந்து அரை மணி நேரம் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்தவர், "முடிச்சிட்டேன் கஸ்தூரி. நாளைக்குப் பாரு, தானா வரும்" என்றார். மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு இவள் கடை திறந்து பெட்டியைப் போட்டாள். நெட் வரவில்லை. பழையபடி அந்த வரியை அடித்தாள், வந்துவிட்டது. வேலை அதோடு முடிந்தது. ஆனால் கோபம் முடியவில்லை. போனை எடுத்தாள்.

"பண்ணிட்டேன்னு சொல்லிட்டு என்னை ஏமாத்தறீங்களா? பொய்யி. வாயத் தொறந்தா பொய்யி."

"நெசமா பண்ணேன் கஸ்தூரி. ஓட்டிப் பாத்துட்டுத்தானே வந்தேன்."

"ஊருக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா? இனிமே என் கடைப் பக்கமே வராதீங்க."

"இரு, கோச்சிக்காத. லீவு சொல்லிட்டு வரேன். வந்து பாக்கறேன்."

நல்ல மழை. செங்கம் ரோட்டில் ஒரு வளைவில் பைக் சறுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார்.

இதை அவளே என்னிடம் சொன்னாள், பதினாறாம் நாள் முடிந்து கடை திறந்தபோது. "நெட்டு வந்துடுச்சு, மழையில வராதீங்கனு ஒரு வார்த்த சொல்லல அண்ணா. வந்துதான் இருந்துச்சு. சொல்லல." நான் சரிம்மா, சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சரிம்மாவை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பெட்டியை யாரையும் தொட விடவில்லை அவள். நான் புதுக் கார்டு ஒன்றைச் சும்மாவே கொண்டுபோனேன், வேண்டாம் என்றுவிட்டாள். காலையில் வருவாள், விரலால் சுழி போடுவாள், அந்த வரியை அடிப்பாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. 'டிரைவர் வரல' என்று சொல்வதை விட்டுவிட்டாள். "நெட்டு இன்னும் வரல, உக்காருங்க" என்பாள்.

போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. கடையில் உதவிக்கு இருக்கிற பாஞ்சாலை அக்காவுக்கு ஜெராக்ஸ் மட்டும்தான் தெரியும். இடது கையால் அந்த வரியை அடிப்பதற்குள் பாதி ஜனம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறது. அதனால் எனக்குப் போன் செய்தாள். போனேன்.

"தானா வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க அண்ணா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொன்னு. அன்னைக்கு அவரு நெசமா ஏதாச்சும் பண்ணாரா, இல்ல என் வாய அடைக்கறதுக்கு சொன்னாரானு பாத்து சொல்லுங்க. பண்ணலன்னாலும் மறைக்காதீங்க. தெரிஞ்சிக்கணும்" என்றாள்.

கோளாறு எதுவோ அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இருபது வருஷமாக அது ஒன்றுதான் என் கடையின் பெருமை. சரி என்று உட்கார்ந்தேன்.

லினக்ஸில் பெட்டி எழுந்திருக்கும்போது தானாகப் படித்து ஓட்டுகிற ஃபைல் ஒன்று உண்டு. சகாதேவன் காலத்து ஆட்கள் எதையும் அதில்தான் எழுதிவைப்பார்கள். அதைத் திறந்தேன். மொத்தம் நாலே வரி. டிரைவரைக் கூப்பிடுகிற அந்த வரி அங்கே இருந்தது. ஃபைலின் தேதியைப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி பத்து நிமிஷம்.

மனிதர் பொய் சொல்லவில்லை. பிறகு ஏன் ஓடவில்லை என்று முதல் வரிக்குப் போனேன். போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரியில் 'உ' என்று இருந்தது.

இந்த மாதிரி ஃபைலில் முதல் வரியின் முதல் இரண்டு எழுத்துகள்தான் சீட்டு. இதை யார் படித்து ஓட்ட வேண்டும் என்பதற்கு ஒரு அடையாளம். அது முதல் வரியில் இல்லையென்றால் பெட்டி எழும்போது ஃபைலையே தள்ளிவிட்டுப் போய்விடும். அவர் அந்த அடையாளத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தார், இரண்டாம் வரியில். கையால் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. 'உ' என்று ஒரு கட்டளை இல்லையே என்று ஒரு முனகல் முனகிவிட்டு அடுத்த வரிக்குப் போய் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடும். அவர் கையால் ஓட்டிப் பார்த்திருக்கிறார், ஓடியிருக்கிறது, எழுந்து போய்விட்டார். பெட்டியை ஒரு தரம் அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வாசலில் ஜனம் நின்றிருக்கும், அணைக்க மனம் வந்திருக்காது.

விக்கினம் தீரப் போடுகிற சுழி, அதுவே விக்கினமாகப் போய்விட்டது. பிள்ளையார் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

கஸ்தூரி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அந்தத் திரை முழுக்க இங்கிலீஷ், அவளுக்குத் தெரிந்த எழுத்து அந்த 'உ' ஒன்றுதான்.

"அண்ணா! இது சுழி ஆச்சே!" என்றாள். "அவரு போட்டதா? அவரா?"

"அவர்தாம்மா. அன்னைக்கு அஞ்சு மணிக்கு எழுதியிருக்காரு. நெசமா பண்ணியிருக்காரு. அவரு பொய் சொல்லல."

கஸ்தூரி சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சுழி போட்டிருக்காரு அக்கா, பாரு" என்று பாஞ்சாலையைக் கூப்பிட்டுக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் ஏன் அண்ணா வரல?"

நான் பொய் சொன்னேன். "கார்டு பழசும்மா. அவரு மேல தப்பு இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் அவசர அவசரமாக வேலையை முடித்தேன். அந்த 'உ'வை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அடையாள வரியை மேலே ஏற்றி, சுழியை இரண்டாம் வரிக்கு இறக்கி, பெட்டி அதைப் படிக்காமல் தாண்டிப் போக முன்னால் ஒரு குறி போட்டேன். அணைத்துப் போட்டேன். யாரும் எதையும் அடிக்கவில்லை. பெட்டி எழுந்தது, பின்னால் பச்சை விளக்கு மினுக்கியது, நெட் தானாக வந்தது.

"வந்துடுச்சும்மா" என்றேன்.

"அந்த ஃபைல இன்னொருவாட்டி காட்டுங்க அண்ணா. போன்ல போட்டோ எடுத்துக்கறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திறந்து காட்டினேன். போனை இடது கையில் தூக்கியவள் எடுக்காமல் நின்றாள்.

"ஏன் கீழ எறக்குனீங்க? சுழின்னா மேலதானே இருக்கணும்."

நான் ஃபைலை மூடப் போனேன்.

"மேல இருந்ததாலதான் ஓடலயா?"

மறைக்காதீங்க என்று சொல்லித்தான் என்னை உட்காரவைத்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பாஞ்சாலை அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார், கஸ்தூரி உட்காரவில்லை.

"நான்தான் அண்ணா போடச் சொன்னேன்" என்றாள். "எத ஆரம்பிச்சாலும் பாதியில நிக்குதே, இந்த ஒரு தடவையாச்சும் சுழி போட்டு ஆரம்பிங்கனு அந்த செவ்வாக்கெழம சண்ட போட்டேன். ஏழு வருஷமா சொல்றேன், ஒருநாளும் கேட்டதில்ல. அன்னைக்குத்தான் கேட்டிருக்காரு."

வாசலில் ஒரு பெரியவர் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு, நெட்டு வந்துடுச்சாம்மா என்று இரண்டு தரம் கேட்டார். நான்தான் வந்துவிட்டது என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன்.