பாமர் வீட்டு ஓலை

பேய், ஜின் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். ஏசி பூட்டுவதும் வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸ் திருத்துவதும்தான் என் தொழில். ரொறொன்ரோவில் எத்தனையோ பழைய வீட்டு பேஸ்மென்ற்றுகளில் தனியே கிடந்து வேலை செய்திருக்கிறேன், முனகல் கேட்டால் அது குழாய், தட்டுகிற சத்தம் கேட்டால் அது தகரம், அவ்வளவுதான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

வன்னியில் சண்டை முடிந்த கோடை அது. என் கூட்டாளி சிவா சின்னப் பிள்ளையோடு அதற்குள் அகப்பட்டுப் போயிருந்தான், உயிரோடு இருக்கிறானா என்று ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். சோனகத் தெருவை விட்டு முஸ்லிம்கள் நாங்கள் எல்லோரும் வெளியேற வேண்டி வந்த அன்று, எங்கள் லொறிக்குப் பின்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவன் அவன். மிசிசாகாவில் இருக்கிற அவனுடைய தங்கச்சிக்கு அடிக்கடி போன் எடுப்பேன், அவ அழுவா, நான் வைத்துவிடுவேன்.

அந்த நேரத்தில்தான் ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் விட்பியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டுக்கு ஏசி திருத்தப் போனேன். புது வீடுகளுக்கு நடுவில் தனித்து நிற்கிற பழைய வீடு. கிழவரின் குடும்பப் பெயர் பாமர், நல்ல பகிடிக்காரர். முன்கதவுக்கு மேலே, உள்பக்கம், கை நீளத்தில் ஒரு காய்ந்த ஓலை நீல நாடாவால் கட்டித் தொங்கியது. இது என்ன என்று கேட்டேன். அதுதான் என்னுடைய பெயர் என்றார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துச் சனம் ஜெருசலேமுக்கு நடந்தே யாத்திரை போகுமாம். போனவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். வருகிறவர், உண்மையாகவே போனேன் என்று காட்ட அங்கிருந்து ஒரு பேரீச்ச ஓலையைக் கொண்டு வருவாராம். அந்த மரம் அவர்கள் பாஷையில் 'பாம்', ஓலையோடு வந்தவர் 'பாமர்'. பிறகு ஊர் எல்லையைத் தாண்டாத பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என் வாப்பா, நான் இன்னும் போகவில்லை, ஆனாலும் ஊராட்கள் என்னைத்தான் இன்றைக்கும் ஹாஜியார் என்கிறார்கள். இதைச் சொன்னதும் கிழவர் என் தோளில் ஓங்கித் தட்டி, அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெயர்க்காரர் என்றார்.

பிறகு கொஞ்சம் அடங்கிப் பேசினார். குடும்பத்தில் யாராவது தூரம் போனால் கதவுக்கு மேலே ஓலை கட்டுவார்களாம், போனவர் திரும்பி வந்து தன் கையால் அவிழ்க்க வேண்டுமாம். இது சண்டைக்குப் போன அவருடைய அண்ணனுக்காக அம்மா கட்டியது. ஜெர்மன்காரனோடு சண்டை முடிந்து தெருவெல்லாம் கூத்தாடிய நாளிலும் அண்ணன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நான் கரண்ட் பிறேக்கரை இறக்கிவிட்டு, கதவருகே தெர்மோஸ்டாற்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். யன்னல்கள் பூட்டு, மின்விசிறி இல்லை, உள்ளே காற்று அசைய வழியே கிடையாது, இதைத் தொழில்காரனாகச் சொல்கிறேன். அந்த ஓலை சலசலத்தது. யாரோ பிடித்து உலுப்புகிற மாதிரி. நானும் கிழவரும் அதையே பார்த்தபடி நிற்க, என் போன் அடித்தது. வீட்டிலிருந்து என் மனிசி.

"இஞ்சருங்கோ, சிவாண்ணை உயிரோடை இருக்கிறாராம். முகாமிலை. தங்கச்சியோடை இப்பதான் கதைச்சவராம். பிள்ளையும் சுகமாம்."

நான் அப்படியே நிலத்தில் குந்திச் சத்தம் போட்டு அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தேன். விஷயத்தைக் கேட்ட கிழவர் என்னைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்து, அந்த வயதில் கதவடியில் நின்று ஒரு ஆட்டம் போட்டார். பார்த்தால் ஓலை எங்கள் காலடியில் கிடக்கிறது, நாடா முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. எப்போது விழுந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இது உன்னுடைய ஆளுக்குத்தான் என்று ஓலையை என்னிடம் தந்தார். நாடாவை மட்டும், அம்மாவுடையது என்று, சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஓலையை என் வீட்டு வாசலுக்கு மேலே ஆணியில் கொழுவினேன். ஒரு கஸ்ரமர் தந்தது என்பதற்கு மேல் மனிசிக்குக்கூடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஜின் கதைகளைப் பகிடி பண்ணிய வாய்க்கு நன்றாக வாங்கிக் கட்டியிருப்பேன்.

சில வருடம் கழித்துச் சிவா தங்கச்சியிடம் விசிற் வந்தான். மறுநாளே என் வீட்டில் புரியாணி. வாசலில் சப்பாத்தைக் கழற்றியவன், மேலே பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"மச்சான், கடைசிச் சண்டைக்குள்ளை நந்திக்கடல் தண்ணியிலை இறங்கேக்கை ஒரே புகை. தோளிலை பிள்ளை. கரை எந்தப் பக்கமெண்டு தெரியேல்லை. முன்னாலை ஒருத்தர் உந்த ஓலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு போனார். அதைப் பாத்துப் பாத்துத்தான் நடந்தனான். கரையேறிப் பாத்தா ஆளைக் காணேல்லை."

"ஓலையெல்லாம் ஒரே மாதிரித்தானேடா" என்று சமாளித்து அவனைச் சாப்பிட இருத்தினேன். மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் மனிசி வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னா. கனடாவுக்கு வந்து இத்தனை காலத்தில் அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் புறப்படும்போது எக்கி நின்று அந்த ஓலையைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் ஒன்று கேட்டான்.

"அது சரி, இதிலை ஒரு நீல நாடா கட்டியிருந்ததே. அது எங்கை?"