இஞ்ஞாசிமுத்துவின் அரைச் சுற்று

இஞ்ஞாசிமுத்து அண்ணன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சுங்கைப்பட்டாணி எல்லையில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பதினெட்டு வருடமாக அந்தக் குடும்பத்தின் சத்தத்தைக் கேட்டு வருகிறேன். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறியது கிடையாது. மனைவி கேதரினை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு சந்து, அதையொட்டி ஒரு சாக்கடை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் வேலி. வேலிக்குள் கல்லும் மணலும் ஏற்றுகிற ஒன்பது லோரிகள் நிற்கும் யார்டு. அதன் மூலையில் தகரக் கூரை போட்ட பட்டறையில்தான் அண்ணனுக்கு வேலை. சுங்கை லாலாங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து லோரிக்கு அடியில் படுத்துப் படுத்தே டீசல் வேலையைக் கற்றுக்கொண்டார். தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறியதும் இந்த யார்டுக்கு வந்து சேர்ந்தார். இப்போது அறுபத்திரண்டு வயது. யார்டு முதலாளியான தவுக்கே அவரை 'முத்து' என்று கூப்பிடுவார், டிரைவர்கள் 'அண்ணே' என்பார்கள்.

அவருடைய முக்கியமான வேலை அரைச் சுற்று. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பழைய டீசல் லோரியில் பம்ப் என்று ஒன்று உண்டு. இன்ஜினுக்குப் போகிற எண்ணெயை அளந்து கொடுப்பது அதுதான். அதில் ஒரு ஸ்குரு இருக்கும். உள்ளே திருகினால் எண்ணெய் கூடும், இழுவை கூடும், கரும்புகையும் கூடும். வெளியே திருகினால் மூன்றும் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லோரிகள் சோதனைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். புகைக்குழாயில் ஒரு கம்பியை விட்டு, இன்ஜினை முறுக்கி, மெஷினில் எண்ணைப் பார்ப்பார்கள். ஐம்பதைத் தாண்டினால் ஃபெயில். அதனால் சோதனைக்கு முதல் நாள் அண்ணன் அரைச் சுற்று வெளியே திருகுவார். லோரி பாஸாகி வந்ததும் அரைச் சுற்று உள்ளே. வருடத்தில் இரண்டு நாள் சட்டத்துக்கு, மற்ற நாளெல்லாம் கல்லுக்கு. எண்ணெய் ஸ்டேசனில் இப்போது வருகிற டீசல் சுத்தமானதாம், பலகை போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும். சுத்தமான எண்ணெயையும் அளவுக்கு மேல் ஊற்றினால் கறுப்பாகத்தான் எரியும்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன்.

"பரீச்சைக்குப் போற புள்ளைக்கு தல சீவி வுடுற மாரிதான் தம்பி. வந்தோன்ன கலைஞ்சிரும்லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இப்போது கடுப்பாக இருக்கிறது.

கேதரின் அக்காவுக்கு மூச்சுப் பிரச்சினை. பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை பார்த்தவர், ஏழு வருடத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். காலையில் ஒன்பது லோரியும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆகும்போது அடுப்படி இருட்டிவிடும். கொடியில் காயும் வெள்ளைத் துணி மத்தியானத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். பின்கதவைத் திறப்பதையே அவர் விட்டுவிட்டார். ராத்திரி படுத்தால் மூச்சு வராது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குவார். ரொம்ப முடியாதபோது கிளினிக்கில் கேஸ் வைப்பார்கள். முகமூடியைக் கட்டி மருந்துப் புகையை இழுக்கச் சொல்வதற்குத்தான் எங்கள் ஊரில் கேஸ் என்று பெயர். வீட்டில் வாயில் அடித்துக்கொள்ளும் நீல மருந்துக்குப் பெயர் பம்ப். ஆக அந்த வீட்டில் பம்ப் என்றால் இரண்டு. ஒருநாள் அண்ணன் வேலியோரம் நின்று, "அந்த பம்ப கொஞ்சம் எடுத்துக் குடு" என்று கத்த, அக்கா மூச்சு வாங்க ஓடிவந்து நீல மருந்தை நீட்டினார். இரண்டு பேரும் சாக்கடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்தார்கள்.

புகார் செய்ய வேண்டும் என்பது அக்காவுக்கே தோன்றிய எண்ணம். சந்தை நடக்கும் பாசாரில் ஒட்டியிருந்த நகராண்மைப் புகார் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து, வாட்ஸ்அப்பில் தனக்குத் தெரிந்த மலாயில், பெரிய எழுத்தில், "லோரி அசாப். பெலாக்காங் ரூமா. தோலோங்" என்று அனுப்பிவிட்டார். மலாயில் அசாப் என்றால் புகை. லோரிப் புகை, வீட்டுக்குப் பின்னால், உதவி செய்யுங்கள் என்பது அவர் சொல்ல வந்தது. ஆனால் ASAP என்ற அதே நாலு எழுத்து ஆங்கிலத்தில் 'உடனடியாக' என்பதற்குச் சுருக்கம். அந்தப் பக்கம் படித்தவர் ஆபீஸ்காரர் அல்லவா, வீட்டுக்குப் பின்னால் உடனே ஒரு லோரி வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் குப்பை லோரி ஒன்று பின்சந்தில் ரிவர்ஸ் எடுத்து, அக்காவின் அடுப்படி ஜன்னலுக்கு நேராகப் புகைக்குழாயைக் காட்டி நின்றது. குப்பை எங்கே ஆன்ட்டி என்று இறங்கிக் கேட்டான் ஒருவன். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரிப்பு இருமலாகி, அன்றைக்கும் கேஸ் வைக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் நான் உள்ளே நுழைந்தேன். கையுறைத் தொழிற்சாலை ஸ்டோரில் கிளார்க் நான். மனு எழுதுவதெல்லாம் எனக்குக் கை வந்த விஷயம்.

"தம்பி சிவநேசா, அண்ணனுக்குத் தெரிய வேணாம். அவரு சோறு திங்கிற எடம் அது" என்றார் அக்கா.

லோரிப் புகையைச் சோதிக்கும் இலாகாவுக்கு நான் மலாயில் ஒரு பக்கம் எழுதினேன். இந்தத் தடவை கரும்புகை என்று தெளிவாகப் போட்டேன். அக்கா கையெழுத்துப் போட்டார். நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பதில் வந்தது. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரிகள் யார்டுக்கே வந்து எல்லா லோரிகளையும் சோதிப்பார்கள், உரிமையாளருக்கும் தெரிவிக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு மரமண்டை. நம் மனு வேலை செய்கிறது என்று உச்சி குளிர்ந்து நின்றேன்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அண்ணன் ஒன்பது லோரியையும் முடித்துவிட்டார். சொந்த யார்டில் சோதனை என்பதால் பயந்துபோய், அரைச் சுற்றுக்குப் பதிலாக முக்கால் சுற்று வெளியே திருகியிருந்தார். இது அப்போது அக்காவுக்கும் எனக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் காற்றுதான்.

திங்கட்கிழமை காலையில் ஒன்பதும் ஸ்டார்ட் ஆயின. சத்தம் வந்தது, இருட்டு வரவில்லை. அக்கா பின்கதவைத் திறந்தார். அந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து, நான்தான் போய்ச் சுத்தியலால் தட்டித் திறந்துவிட்டேன். அன்று ராத்திரி அவர் கட்டிலில் படுத்துத் தூங்கினார். மறுநாள் தன் வீட்டு வாசலுக்கு என்னைக் கூப்பிட்டு, ஒரு தட்டு நிறையப் பணியாரத்தை என் கையில் திணித்தார். முகமே வேறு மாதிரி இருந்தது.

"பாத்தியா தம்பி, ஆளுங்க வர்றதுக்கு முன்னாலயே பயந்துட்டானுங்க. நேத்து மல்லாக்கப் படுத்தேன்டா. விடிஞ்சதே தெரியல" என்றார்.

உள்ளே அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

புதன்கிழமை நான் லீவு போட்டேன். நானும் அக்காவும் வேலியோரம் நின்று பார்த்தோம். ஒவ்வொரு லோரியாகக் குழாயில் கம்பியை விட்டு முறுக்கினார்கள். பதினெட்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது என்று எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள். ஒன்பதும் பாஸ். தலைமை அதிகாரி பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்று தவுக்கேயிடம் சொல்லி, மெக்கானிக் யார் என்று விசாரித்து, அண்ணனுக்குக் கை கொடுத்தார். அண்ணன் கரியான கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். குற்றம் இல்லை, புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

"மனு போட்டதே நாந்தான்" என்றார் அக்கா. "எப்படிங்க எல்லாம் பாஸாச்சு?"

அண்ணன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எல்லாவற்றையும் சொன்னார். ஸ்குரு, முக்கால் சுற்று, இன்று சாயங்காலம் திரும்ப ஏற்ற வேண்டும் என்பது வரைக்கும். அக்கா கத்துவார் என்று நான் நினைத்தேன். அவர் கத்தவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி அவரையே பார்த்தார்.

"அப்ப இந்த மூணு நாளு நான் மூச்சு வுட்டது நீங்க திருகுனதாலயா?"

அண்ணன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"இத்தன வருசமா ஒங்க கையிலயே இருந்துச்சா?"

அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். எனக்கு அங்கே உட்காரக் கூசியது.

"அப்படியே வுட்டுருங்க" என்றார் அக்கா. "எனக்கு வேற ஒன்னும் வேணாம். நான் ஒங்ககிட்ட இதுவரைக்கும் ஒன்னும் கேட்டதில்ல."

"சரி" என்றார் அண்ணன்.

சொன்னபடி நடந்தார். அன்று சாயங்காலமே தவுக்கேயிடம் போய், இந்தத் தடவை உள்ளே திருக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தவுக்கே கோபப்படவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது, இரண்டு நாள் வீட்டில் இரு முத்து என்று அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் டிரைவர் ஜெயகுமார் வேலிக்கு வந்து நின்றான்.

"அண்ணே, செமிலிங் ஏத்தத்துல கல்லோட நின்னு போச்சுண்ணே. பின்னால எல்லாக் காரும் ஹோர்ன் அடிக்குது. மூணு டிரிப் அடிக்கிற எடத்துல ஒன்னுதான் ஓடுது, டிரிப்புக்குத்தான காசு. எனக்கும் புள்ளைங்க இருக்குலா."

"அக்காவுக்கு முடியலடா" என்றார் அண்ணன்.

"தெரியும்ணே" என்றான் ஜெயகுமார். அவன் முகத்தைப் பார்த்தால் அவனையும் திட்ட மனம் வராது.

பத்து மணிக்கு டிரைவர்களே ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்கள். ஸ்குரு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. ஒருவன் ஒரு சுற்று ஏற்றினான். நல்லா இழுக்குதுடா என்று அவன் சொன்னதைக் கேட்டு, அடுத்தவன் ஒன்றரை ஏற்றினான். மத்தியானம் ஒன்பது லோரியும் வெளியே போனபோது இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் பார்க்காத கறுப்பு. தெருவில் எதிர்வீடு தெரியவில்லை. அக்கா பின்கதவைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டை வைத்துப் பார்த்தார். வியாழன் இரண்டு தடவை, வெள்ளி ஒரு தடவை கேஸ் வைத்தோம். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றோம். வேறு என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவைக் கிளினிக்கிலிருந்து கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அண்ணன் எண்ணெய்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். தவுக்கேயிடம் போய், ஸ்குருவை என்னையே பார்க்க விடுங்கள் என்று கேட்டார். கேட்டார் என்ன, கெஞ்சினார். லோரி லோரியாக ஏறி இறங்கினார். டிரைவர்கள் சுற்றி நின்றார்கள்.

"இவ்வளவு எண்ண ஊத்துனா இன்ஜின் வெந்துரும்டா" என்று அவர் சொன்னதும் ஒருவரும் தடுக்கவில்லை. அது உண்மையும்தான்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பொறுக்க மாட்டாமல் கத்தினேன். "அண்ணே, எறக்குறதுதான் எறக்குறீங்க, முழுசா எறக்கிருங்களேன்!"

அவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார்.

"முழுசா எறக்குனா நாளைக்கே அவனுங்க ஏத்திக்குவானுங்க தம்பி. பழைய அளவுல வெச்சாத்தான் தொட மாட்டானுங்க."

சட்டம் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், நான் எழுதிய மனுவும் எங்கோ ஒரு ஃபைலில் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்து சாதித்தது இதுதான்: பெண்டாட்டிக்குப் பழைய புகையையாவது வாங்கித் தர ஒரு மனிதன் கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒன்பதும் முடித்து அவர் வீட்டுக்கு வந்தபோது நான் அடுப்படியில் அக்காவுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். கையைக்கூடக் கழுவவில்லை.

"எவ்ளோ வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"பழைய அளவு. அதுக்குக் கீழ வெக்க முடியல கேதரின்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய அளவுன்னா தாங்கிக்குவேங்க" என்றார்.