ஃபில்டரைத் தாண்டி வந்த ‘ஹவ்’

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். எதையும் நம்பாமல் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலையே. நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். வெப்சைட்டில் வாசகர்கள் எழுதும் கமெண்டுக்குள் யாராவது கள்ளத்தனமாக ஸ்கிரிப்டை, அதாவது குட்டி ப்ரோகிராமை, சொருகிவிட்டால், அதை உருவி எறிய ஒரு ஃபில்டர் உண்டு. ஸ்கிரிப்டுக்குள் எதையாவது எழுதிப் போடுவேன், திரை காலியாக வந்தால் ஃபில்டர் பாஸ். எங்கள் டீமில் எல்லோரும் உள்ளே ‘நக்கோ’ என்றுதான் எழுதுவோம். வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் அதைவிட நல்ல வார்த்தை ஏது?

ஒரு நாள் என் தம்பி சேகர், போலாரத்தில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, நினைவில்லாமல் ஐசியூவில் கிடந்தான். சாயங்காலம்தான் பார்க்க விடுவார்கள், வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஆபீசுக்கு வந்துவிட்டேன். ‘நக்கோ’ என்று அடிக்க மட்டும் கை வரவில்லை. நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை, ஆனாலும் வரவில்லை. அதற்குப் பதிலாக, ‘சேகர், முழிச்சுக்கிட்டியாடா?’ என்று அடித்தேன். காலி. மறுபடி அதையே அடித்தேன். காலி. ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்கிறது, எனக்கோ அழுகை வருகிறது. மத்தியானம் வரை வேறெதையும் அடிக்கவில்லை, நம்பினால் நம்புங்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இன்னொரு தடவை அடித்தேன். திரையில் ‘ஹவ்’ என்று வந்தது.

ஆமாம் என்கிற ஹவ். எதைக் கேட்டாலும் சேகர் சொல்வது அதுதான். மறுபடி அடித்துப் பார்க்கப் போனேன். அதற்குள் போன் அடித்தது, தம்பி மனைவி கீதா.

“அண்ணி, கண்ணைத் திறந்துட்டாரு! இனி பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணி!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

பிறகு ‘ஹவ்’ வந்ததை மட்டும் டீமிடம் சொன்னேன், எல்லோருமாக ப்ரோகிராமை வரி வரியாகத் துழாவினோம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் சேகர் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான்.

“ஏன்க்கா, முழிச்சுக்கிட்டியான்னு நீ கேட்டப்பல்லாம் நான் ஹவ் ஹவ்னுதானே சொன்னேன்? எதுக்கு அதையெல்லாம் அழிச்சே?”

நான் என்ன அடித்தேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவன் இன்றைக்கு நடக்கிறான், என்னோடு சண்டை போடுகிறான், எனக்கு அது போதும். ஆனால் திரை காலியாக வந்தால், பாஸ் என்று எழுத இப்போதும் கை தயங்குகிறது. அழிந்தது யாருடைய பதிலோ.