இடது பக்கம் திரும்பாதவரை நல்ல வண்டி

ரிப்பேர் வேலையில் மிகச் சுலபமானது கழற்றுவது. அதை மட்டும் கற்றுக்கொண்டு களத்தில் இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. வீடியோ பார்த்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்த சகோதர சகோதரிகளே, மூடி முடித்தபின் மிஞ்சிய நாலு ஸ்க்ரூவை யாரும் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்ட உத்தமர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிழைப்புக்கு நான் தமிழாசிரியை. தக்கலைக்குப் பக்கத்தில் வீடு, வீட்டில் நானும் மாமியாரும். வீட்டுக்காரர் எட்வின் மஸ்கட்டில் ஒரு பெரிய கட்டடத்தில் பராமரிப்பு சூப்பர்வைசர். "இந்த லீவோட முடிச்சிட்டு வந்துருவேன்" என்று அவர் சொல்ல ஆரம்பித்துப் பதினாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு லீவுக்கு முன்பும் வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். "அதுக்கென்ன, புதுசு வாங்கிரலாம்" என்பார். அதோடு சரி, விசாவைப் புதுப்பித்துவிடுவார்.

வளைகுடாக்காரர் வீட்டில் பொருளுக்கு விலை ரூபாயில் கிடையாது, வருஷத்தில்தான். மாடி எடுத்தது இரண்டு வருஷம். போர்வெல் ஒரு வருஷம். கார் மூன்று வருஷம். எனவே வீட்டில் எது நின்றுபோனாலும், "புதுசு" என்ற சொல் அவர் வாயில் வருமுன் நான் அதை ஓட வைத்தாக வேண்டும். அவர் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர என் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வத்துக்கு வேறு விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை.

ஓடும், அரைக்காது

முதல் பலி மிக்ஸி. மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கும்போது உள்ளே பொறி பறந்து நின்றுவிட்டது. மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருக்கும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். புதுக் கார்பன் வாங்கிப் போட்டேன். கழற்றுமுன் எந்த வயர் எங்கே இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளவும் சொல்லியிருந்தார். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்பதால் எடுக்கவில்லை.

சுவிட்சைப் போட்டதும் மிக்ஸி ஜோராகச் சுற்றியது. மாமி கைதட்டினார். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் தேங்காய்த் துருவல் போட்டது போட்டபடி இருந்தது. நான் இரண்டு வயர்களை இடம் மாற்றிக் கொடுத்ததில் மோட்டார் எதிர்த்திசையில் ஓடி, பிளேடின் முதுகால் தேங்காயைத் தடவிக் கொடுத்திருக்கிறது. மாமி ஜாரைச் சாய்த்துப் பார்த்தார். மருமகள் மனம் நோகக் கூடாதே என்று நிதானமாகச் சொன்னார்: "மக்களே, மிக்ஸி நல்லாத்தான் ஓடுது. அரைக்கத்தான் மாட்டேங்கு."

நிம்மதியை அழித்த ரப்பர்

மறுநாள் வயர்களை மாற்றிப் போட்டேன், அரைத்தது. மாமி அதை எங்கள் சர்ச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சியாகவே சொல்லிவிட்டார். எங்கள் பள்ளித் தலைமையாசிரியரும் அதே சபை. அடுத்த திங்கள்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாலு மாதமாகத் திறக்காத கம்ப்யூட்டரைக் காட்டினார். சுவிட்சைப் போட்டால் மூன்று தடவை கூவிவிட்டு அடங்கிவிடும்.

உள்ளே மெமரி என்று ஒரு சின்னப் பலகை உண்டு. அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் போதும் என்று படித்திருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு ரப்பர் கடன் வாங்கி வந்து தேய்த்தேன். கீரிப்பாறைத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுப்பவர்கள் கையில்தான் இந்த நாட்டின் கணினித் துறையே இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

தலைமையாசிரியர் முகத்தில் மட்டும் வரவில்லை. அந்த நாலு மாதமும் மேலிடத்திலிருந்து எந்தப் பட்டியலைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று ஒரே பதிலை அனுப்பிவிட்டு ஆபீஸ் அமைதியாக இருந்திருக்கிறது. சம்பிரதாயத்துக்கு என்னை அழைத்திருக்கிறார். நான் சரிசெய்துவிடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. வந்து குவிந்த மெயில்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், பிள்ளைங்க எழுதுன தப்ப அழிக்கதுக்கு உள்ள ரப்பரு. அத வச்சு எங்களுக்க நிம்மதிய அழிச்சுப் போட்டியளே."

இரண்டாம் பந்தி

ஒரு வெற்றி போதும், மனிதன் கெட்டுப்போவதற்கு. சபையின் கார்ட்லெஸ் மைக் கரகரக்கிறது என்றார்கள். அதன் பெட்டியில் "உபயம்: எட்வின் குடும்பம்" என்று எழுதியிருக்கும். அது பழுதானால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆலய மைக் என்பதால் உயர்ந்த ரகமாகவே வாங்குவார். எப்படியும் ஆறு மாதம் போய்விடும். நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ரிசீவர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே குட்டியாக ஒரு திருகு தளர்ந்ததுபோல் இருந்தது. முறுக்கினேன். கரகரப்பு நின்றது. அது இறுக்குவதற்கான திருகு அல்ல, அலைவரிசையை மாற்றும் திருகு என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அன்று உபவாசத்தின் மேன்மை பற்றிப் பிரசங்கம். போதகர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த நிமிஷம் ஆலயம் முழுக்கக் கேட்டது: "ரெண்டாம் பந்திக்கு எலை போட்டாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க!" ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் மைக்கை எங்கள் பெட்டி பிடித்துவிட்டது. கடைசி இரண்டு பெஞ்சும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றது. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது போதகர் என் கையை மட்டும் கொஞ்ச நேரம் விடவில்லை. "டீச்சர், பதினேழு வருஷமாப் பிரசங்கம் பண்ணுகேன். ஒரு வார்த்தைக்கு ஜனங்க உடனே கீழ்ப்படிஞ்சு பாத்தது இன்னைக்குத்தான்."

பானெட்டுக்குள் ஒரு குடித்தனம்

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். எட்வின் லீவில் வரும் நாள் ஒரு திங்கள்கிழமை என்று முடிவாகிவிட்டது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு டாக்சி வேண்டாம், நானே காரை ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லியிருந்தேன். எல்லாம் நல்லபடியாக ஓடுகிறது, நீங்கள் தைரியமாக விசாவை முடித்துக்கொண்டு வரலாம் என்பதை வாயால் சொல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது என் திட்டம்.

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருந்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மும்முரத்தில் ஒரு மாதம் விட்டுப்போயிற்று. முந்தின வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பினால் மூச்சே இல்லை. பானெட்டைத் திறந்தேன். எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. மெத்தைக்கு என்னுடைய பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள், சாப்பாட்டுக்குக் காரின் வயர்கள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. வீடியோ காலில் வந்தார். "ஒர்க்ஷாப்புல விடாண்டாம், அவனுவ நல்ல பார்ட்ஸக் கழத்திருவானுவ. நான் சொல்லுகேன், நீ செய்" என்றார். பராமரிப்பு சூப்பர்வைசர் அல்லவா, மஸ்கட்டில் இருந்தபடியே கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்: "இன்னா, இந்தக் கைப் பக்கம் உள்ள வயர அந்தக் கைப் பக்கம் கொடு." நானும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் உண்டு என்று இருபது வருஷமாக நடத்துகிறேன். வயரும் வயரும் சேரும்போதும் அதே மூன்றுதான். பெருவிரலில் கத்தி பட்டு ரத்தம் வேறு. பஞ்சுக்கு அலையாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பையே சுற்றிக்கொண்டேன்.

மூன்று மணி நேரமாகியும் வண்டி அசையவில்லை. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். சாதாரணமாக, கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, திரையில் தெரியக்கூடாது என்று பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். "ஏட்டி, போட்டும் விடு. இத வித்துப்போட்டுப் புதுசு வாங்கிரலாம்."

தங்கப்பன் அண்ணனின் தீர்ப்பு

கோபத்தில் எல்லா வயர்களையும் இன்னொரு தடவை இறுக்கி முறுக்கினேன். சனிக்கிழமை காலை கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது! மாமி ஸ்தோத்திரம் சொன்னார். பெருமையாக ரோட்டுக்கு எடுத்து, முதல் முக்கில் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. அதற்குப் பதில் ஹாரன் அடித்தது. விளக்கு எப்படி விட்டு விட்டு எரியுமோ அதே தாளத்தில், பீம், பீம், பீம் என்று விட்டு விட்டு அடித்தது.

வீட்டுக்காரர் பேச்சை மீறி, பின் தெருவில் இருக்கும் தங்கப்பன் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பானெட்டைத் திறந்து என் வேலைப்பாட்டைப் பார்த்தார். தொட்டால் உள்ளது எல்லாம் நின்றுவிடும், முழு வயரிங்கையும் பிரித்துப் போட ஒரு வாரம் வேண்டும் என்றார். "அண்ணே, நாளைக் கழிச்சு ஏர்போர்ட் போணுமே" என்றேன். பானெட்டை மெதுவாக மூடிவிட்டு அவர் சொன்னார்: "இடது பக்கம் திரும்பாம ஓட்டுனா இது நல்ல வண்டியாக்கும், டீச்சர்."

முக்கு

திங்கள்கிழமை காலை மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஓட்டிக்கொண்டு போனேன். இடது பக்கம் ஒதுங்கும்போதெல்லாம் பீம், பீம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ரோட்டில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால்தான் சந்தேகப்படுவார்கள்.

எட்வின் பெட்டிகளோடு வந்தார். கார் வாங்கினதிலிருந்து போனில் அவருடைய முதல் கேள்வி "கார் எப்படி இருக்கு?" என்பதுதான். அன்று என் விரலில் இருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தார், காரைப் பார்க்கவில்லை. வெளியே வந்த முதல் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. குறுக்கே யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தார். மூன்றாவது திருப்பத்தில் என்னைப் பார்த்தார். பாறசாலை வருவதற்குள் மிக்ஸியிலிருந்து மைக் வரை அத்தனையையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். "ஒவ்வொண்ணும் கெடும்போ நீங்க ஒரு வருஷம் தள்ளிப் போடுவியளோன்னு பயந்தாக்கும் செய்தேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் காட்டியதுபோல் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "நான் காட்டுன கை ஒனக்கு எதிர்ப்பக்கமால்லா தெரிஞ்சிருக்கும். தப்பு எனக்க தப்பு" என்றார். புதுசு என்ற சொல் எந்த நிமிஷமும் வரும் என்று நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்பும் சந்தில் நாலாவது. முக்கில் பீம், பீம் என்று அடித்ததும், கார் வாசலுக்கு வருமுன்னே மாமி கேட்டைத் திறந்துகொண்டு நின்றார். எட்வின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பள்ளிக்கூடமும் மார்த்தாண்டம் பக்கம்தான். தினமும் சாயந்திரம் இதே முக்கில்தான் திரும்ப வேண்டும். இறங்காமல் உட்கார்ந்தபடியே அவர் சொன்னார்: "ஏட்டி, இத சரியாக்காண்டாம். இனி நீ ஸ்கூலுக்கு இதுலயே போ. முக்கு திரும்பும்போ சத்தம் கேட்டா, நான் எந்திச்சு வந்து கேட்டத் தொறப்பேன்லா."

மிக்ஸியும் கம்ப்யூட்டரும் மைக்கும் பிறகு எப்போதோ நின்றுபோய்விட்டன என்றாலும், என் கைவேலையில் இன்றுவரை ஒரு நாள்கூடத் தவறாமல் அவரை வாசலுக்கு வரவழைத்து ஓடிக்கொண்டிருப்பது நான் தப்பாகக் கொடுத்த அந்த ஒரு வயர்தான்.