ஒரே பெயரில் இரண்டு மதினிகள்

1. தேயிலைத் தோட்ட ஆபீஸ் அலமாரியிலிருந்த பழைய, புதிய தொழிலாளர் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நான்கு மாதம் ஆனது.
2. இரண்டு பதிவேடுகளிலும் பெயரும் குடும்பத் தலைவர் பெயரும் பொருந்தினால் அது ஒரே ஆள் என்று இணைக்க நிரல் எழுதினேன்.
3. பழையதில் இருந்த, வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து வருடங்களை எண்ணி, தொழிலாளருக்குக் கட்டும் புது வீடுகளுக்கான வரிசைப் பட்டியலை ஆபீஸ் கதவில் ஒட்டினேன்.
4. மறுநாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் இரண்டு பெண்கள் கொழுந்துக் கூடையோடு வந்து நின்றார்கள்.

"மிஸ், இருபத்தாறு வருஷமா கொழுந்து எடுக்கிறேன். பதினேழுன்னு போட்டிருக்கீங்க. லயத்து வீட்டுல ஒத்த அறை, ஒரே காம்பராவுல ஏழு பேரு கெடக்கிறோம், வீடு கைய விட்டுப் போயிருச்சே," என்றார் மூத்தவர்.

அவருடைய இருபத்தாறு வருடம் பக்கத்தில் நின்ற இளையவரின் கணக்கில் இருந்தது. இருவருக்கும் ஒரே பெயர்.

"ஏற்கெனவே எங்க தம்பியத் தூக்கிட்டுப் போனா. இப்ப என் வருஷத்தையும் தூக்கிட்டா, பாருங்க," என்றார் மூத்தவர்.

"ஒங்க தம்பியத் திருப்பிக் கூட்டிட்டுப் போங்க மதினி. வருஷத்த நான் வச்சிக்கிறேன்," என்றார் இளையவர்.

அப்போதுதான் புரிந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள். மூத்தவரின் தம்பியை இளையவர் கட்டியிருக்கிறார், இளையவரின் அண்ணனை மூத்தவர். கல்யாணத்துக்கு முன் எழுதிய பதிவேட்டில் குடும்பத் தலைவர் அப்பா. பிறகு எழுதியதில் மாமனார். ஒருவரின் அப்பாதான் மற்றவரின் மாமனார். என் நிரல் கொஞ்சமும் பிசகாமல் இருவரையும் மாற்றி இணைத்திருந்தது. என் சித்தியின் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. ஆனாலும் நிரல் எழுதும்போது எனக்கே அது தோன்றவில்லை.

"இது மாதிரி வேற யாரும் இருக்காங்களா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

"யாரு இல்லைன்னு கேளுங்க மிஸ். சீக்கிரம் முடியும்."

அந்த வாரம் முழுக்கப் பெரட்டுக் களத்தில் நின்று, அப்பா பெயரையும் மாமனார் பெயரையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிந்தேன். மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டேன் என்று இளையவர் சிரித்துக்கொண்டே நின்றார். மூத்தவர்தான் சொன்னார், அவருக்கு அது அப்பா பெயர்.

திருத்திய பட்டியலில் தோட்ட மேனேஜர் துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். மூத்தவருக்கு வீடு உறுதி. இளையவர் அடுத்த பட்டியலில் இருக்கிறார். தனிப் பட்டியல் உள்ள, தோட்டத்தின் கீழ்ப் பிரிவுப் பதிவேட்டை மட்டும் நான் இன்னும் சரிபார்க்கவில்லை.