ஊட்ட விடலாமாண்ணே?

பத்தாவது மட்டுமே படித்தவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். நான் மாட்டாஸ்பத்திரி உதவியாளர்.

அரியாங்குப்பத்தில் செல்வியின் பசுவுக்குக் கோமாரி என்று சந்தேகம். பால் குடித்தால் கன்று செத்துவிடும் என்று டாக்டர் அதைப் பிரித்துக் கட்டச் சொன்னார். பரிசோதனைக்கு எச்சில் எடுத்துவர என்னை அனுப்பினார். வாய்ப்புண் வலியில் பசு முட்ட வந்தது. பயந்துபோய், யாரும் பார்க்காதபோது, பக்கத்தில் சாதுவாக நின்ற, நோயில்லாத இன்னொரு மாட்டின் எச்சிலை எடுத்துக்கொண்டேன்.

கோமாரி இல்லை என்று முடிவு வந்தது.

"அப்போ கன்னுக்குட்டிய ஊட்ட விடலாமாண்ணே? நாலு நாளா கத்துது," என்றார் செல்வி.

தலையாட்டினேன். அவிழ்த்ததும் கன்று ஓடிப்போய் மடியை முட்டியது. கண்ணை மூடினால் இன்றும் அதுதான் தெரிகிறது.

அந்த வாரமே கன்று செத்தது.

"உங்க மேல என்னாண்ணே தப்பு? டெஸ்ட்டுலயே இல்லன்னுதான வந்துச்சி," என்று செல்வி என்னைத் தேற்றினார். திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

மறுநாள் வழக்கம்போல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை.