தகவல் தந்தவர்: கணவர்

என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவும் கிடையாது என்று தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. அது தவறு. அதைச் சொன்னவன் நான்.

அந்த மருத்துவமனைக்கு நாங்கள் இருபது வருடமாகப் போய்வந்தோம். திருக்காட்டுப்பள்ளியில் காலை ஏழே கால் பஸ்ஸைப் பிடித்தால் முதல் பத்து டோக்கனுக்குள் கிடைத்துவிடும். அவளுக்குச் சர்க்கரை, எனக்கு ரத்த அழுத்தம். ஆளுக்கொரு நீள நோட்டு, நீல அட்டை போட்டது. பெரிய டாக்டர் அதில்தான் எல்லாவற்றையும் எழுதுவார். கொண்டுவர மறந்தால் திட்டுவார். என் நோட்டு அலமாரியில் எங்கேயாவது கிடக்கும். அவள் நோட்டு பீரோவில், புடவைகளுக்கு நடுவில், ஒரு துணிப்பைக்குள் இருக்கும். மழை நாளில் பாலித்தீன் உறை சுற்றி எடுத்துவருவாள். அதை நான் ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அவள் உள்ளே டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டு மகனும் மருமகளும் பொறுப்பேற்ற பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எல்லோரும் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று வாசலில் பலகை வைத்தார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். எங்கள் தாலுகா அலுவலகத்தில் நிலக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது முன்னால் நின்று செய்தவர்களில் ஒருவன். நோட்டும் சீட்டும் ஒழிந்தால் குழப்பமும் ஒழியும் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடப் பிரசங்கம் செய்தேன்.

அன்றைக்கு வரிசை மருந்துக்கடை வரை நின்றது. கவுண்டரில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு பெண். வேகமாகத் தட்டத் தெரியவில்லை, எழுத்து எழுத்தாகத் தேடினாள். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாளிடம் பிறந்த தேதி கேட்டாள்.

"அது யாருக்கும்மா தெரியும்? சம்பா அறுப்புல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும். நீயே பாத்து ஒண்ணு போட்டுக்க."

"அப்படிப் போட முடியாதும்மா."

"கொறைச்சே போடு தாயி, ஒண்ணும் தப்பில்ல" என்றார் பின்னாலிருந்த ஒருவர். வரிசை சிரித்தது. "ரேசன் கடையிலகூட இத்தனை கேள்வி கேக்கலப்பா" என்றார் இன்னொருவர். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

எங்கள் முறை வந்ததும் நான் முன்னால் போய் நின்றேன். மனைவி என் இடதுபுறம், அரையடி பின்னால், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் விவரம் முடிந்தது. அடுத்து அவளுடையது. பெயர், வயது, விலாசம், சர்க்கரை எத்தனை வருடம் என்று எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். தடங்கலின்றிச் சொன்னேன். படிவத்துக்குப் பதில் சொல்வது என் தொழிலாக இருந்தது.

"ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா சார்?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"ஏங்க" என்று அவள் என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்தாள். "அந்த மாத்திரை. பேராவூரணில..."

"அது அம்மை. சும்மா இரு, பின்னால கூட்டம் நிக்குது."

அந்தப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு என் மனைவியைப் பார்த்தாள். "அம்மா என்னமோ சொல்ல வர்றாங்களே சார்?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க 'இல்லை'ன்னு போடுங்க."

போட்டாள். அந்தப் பெண் கேட்டதையும், நான் மறித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். இதை நான் என் மகளிடம் வேறு மாதிரி சொன்னேன். அதற்கு வருகிறேன்.

பேராவூரணி என் மனைவி பிறந்த ஊர். மகள் பிறந்தபோது பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். பிள்ளை பெற்ற இரண்டாம் வாரம் காய்ச்சல் வந்து, உள்ளூர் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். உடம்பெல்லாம் கொப்புளம், வாயெல்லாம் புண். தோல் துணியில் ஒட்டிக்கொள்கிறது என்று வாழை இலை விரித்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். நான் அப்போது திருவையாற்றில் இளநிலை உதவியாளன். ஜமாபந்தி நேரம், வருடக் கணக்குத் தணிக்கை, விடுப்பு இல்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. 'அம்மை போல் வார்த்திருந்தது, இப்போது தேவலை' என்று மாமனார் கடிதம் போட்டார். நான் போய்ப் பார்த்தபோது எல்லாம் ஆறியிருந்தது. அதனால் என் கணக்கில் அது அம்மை என்றே பதிவாகிவிட்டது. அது மாத்திரையால் வந்தது என்று அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். என் காதில் விழுந்திருக்கிறது. நான் கேட்டேன் என்று சொல்ல முடியாது.

பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். முதல் தடவை போனபோதே அவளை உட்காரவைத்து விசாரித்து, நோட்டின் முதல் பக்கத்தில் சல்ஃபா மாத்திரை கூடாது என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். நோட்டுப் போய் வெகுநாள் கழித்து, அவள் சொல்லித்தான் எனக்கு இது தெரிந்தது.

போனது என்றால் நான்தான் போட்டேன். "பழைய நோட்டை ஏத்துறதுக்கு இங்க ஆள் இல்ல சார், வீட்டுல பத்திரமா வச்சுக்குங்க" என்றுதான் அந்தப் பெண் சொல்லி அனுப்பினாள். தை மாதத்துக்கு வீட்டை ஒழித்தபோது என் நோட்டையும் அவள் நோட்டையும் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தேன். அவள் கொல்லையில் இருந்தாள். சாயங்காலம் பீரோவைத் திறந்தபோதுதான் கவனித்தாள்.

"அதையுமா போட்டீங்க?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. இனிமே அது எதுக்கு?"

அவள் வெறும் துணிப்பையை மடித்து அதே இடத்தில் வைத்தாள்.

ஒன்றே முக்கால் வருடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஐப்பசியில், ஊரெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தபோது, அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. அன்றைக்கு டூட்டியில் இருந்தவர் புதியவர், இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். திரையைப் பார்த்து, "அலர்ஜி எதுவும் இல்ல, சரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மாத்திரையின் பெயரைத் தட்டினார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. அவருக்கு முன்னால் இருந்ததை அவர் படித்தார்.

வீட்டுக்கு வந்து அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை மாத்திரை, கொஞ்சம் பெரியது.

"ஏங்க, இது அந்த மாத்திரை இல்லையே?"

நான் கண்ணாடி போட்டுப் பெயரைப் படித்தேன். ஏதோ கம்பெனிப் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

"இது வேற. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, அதைப் பாத்துத்தான் குடுப்பாங்க. பேசாம போடு."

நான் சொல்லிப் பதிந்ததை நானே சாட்சியாகக் காட்டி அவளை விழுங்கவைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான்.

இரண்டாம் நாள் கண் எரிகிறது என்றாள். மூன்றாம் நாள் உதடு வெடித்தது. கழுத்திலும் மார்பிலும் கொப்புளம் கிளம்பியது. காரில் தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் கண்ணைத் திறக்க முடியாமல் போய்விட்டது. அந்த மருத்துவமனையிலிருந்து வேறொரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே நர்ஸ் என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் கடைசியாக எழுதியிருந்தது: வாழை இலை, குருத்தாக, பத்து.

வாங்கிவந்தேன். அவளை அதில் படுக்கவைத்தார்கள். முதல் தடவை நான் பார்க்காததை இந்தத் தடவை பார்த்தேன்.

மூத்த டாக்டர் கேட்டார். "அம்மா, இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா? மாத்திரை எதுவும் சாப்பிட்டு?" அவளால் பேச முடியவில்லை. தலையை அசைத்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இதைச் சொல்லியிருக்கலாமே சார். ரெண்டாவது தடவைங்கிறது சாதாரண விஷயமில்ல."

நர்ஸ் கொடுத்த பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். "யாருப்பா அலர்ஜி இல்லைன்னு போட்டது?" என்றாள்.

"கவுண்டர்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. அவசரத்துல தட்டிச்சு" என்றேன். எழுபத்து நான்கு வயதில் சொன்னது இது.

மகள் என்னை அழைத்துக்கொண்டு பழைய மருத்துவமனைக்குப் போனாள். அதே பெண் கவுண்டரில் இருந்தாள். இப்போது வேகமாகத் தட்டினாள். மகள் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டாள். "எங்கம்மாவுக்குக் கண்ணு போயிடும் போல இருக்கு. கேக்காம கொள்ளாம நீங்களா ஒண்ணைப் போட்டுக்குவீங்களா? உன் வேலை போகாம விட மாட்டேன்." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. என்னை அடையாளம் தெரிந்தது அவளுக்கு. 'நீங்களே சொல்லுங்கள்' என்பது போல ஒரு நிமிடம் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மனைவியின் பெயர், பதிந்த தேதி, நேரம். ஒத்துக்கொள்ளாத மருந்துகள்: இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி. தகவல் தந்தவர்: கணவர்.

மகள் அதைப் படித்தாள். அந்தப் பெண்ணிடம் "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய், காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்க வேண்டும் என்று நினைத்தபோது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று தெரியவில்லை.

மனைவி பிழைத்துக்கொண்டாள். தோல் ஆறியது. கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரிகின்றன. ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று குரல் கேட்டால்தான் தெரியும். கண்ணில் ஈரம் ஊறுவதில்லை, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். அதை நான் செய்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு எதையும் என்னால் செய்ய முடியவில்லை.

அந்தப் பதிவையாவது திருத்திவிட நினைத்தேன். மனு எழுதிக்கொண்டு போனேன். அதே கவுண்டரில் புதிதாக வந்திருந்த பையன் மரியாதையாகச் சொன்னான்: "புதுசா கீழ சேத்துடலாம் சார். ஆனா பழைய என்ட்ரியை அழிக்க சிஸ்டம் விடாது." சேர்த்தான். ஆனால் கண்ணுக்காக மதுரைக்கு அனுப்பும்போது அவர்கள் அச்சடித்துக் கொடுத்த சுருக்கத்தில் மறுபடியும் 'இல்லை' என்றே இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டேன். அது பழைய பக்கத்திலிருந்து தானாக எடுத்துக்கொள்கிறதாம். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்களாம்.

இந்தப் பதிலை நான் அறிவேன். எந்த வயலில் யார் சாகுபடி, என்ன பயிர் என்று பசலிதோறும், அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டுதோறும், அடங்கல் என்ற கிராமப் பதிவேட்டில் எழுத வேண்டும். வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. போன பசலியைப் பார்த்து இந்தப் பசலியை எழுதுவது வழக்கம். ஒரு தடவை தப்பாக விழுந்தது வருடக்கணக்கில் அப்படியே நடக்கும். இருபது வருடம் உழுத நிலத்தில் தன் பெயர் இல்லை என்று ஒருவர் என் மேசைக்கு வருவார், போவார், மறுபடி வருவார். கணக்கில் அப்படித்தான் இருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன் என்பேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் முகத்தை இப்போது நினைத்துப் பார்க்க முயல்கிறேன். வரவில்லை.

மதுரையில் மறுபடி ஒரு கவுண்டர். இந்தத் தடவை நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளிடமே கேட்டார்.

"உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?"

அவள் முகத்தைத் திருப்பி நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தேடினாள்.

"ஏங்க, சொல்லுங்க."

"நீயே சொல்லேன். உன்னைத்தானே கேக்குறாங்க."

"நீங்க சொன்னாத்தாங்க எழுதுவாங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கு உதவி செய்வது போலச் சொன்னாள்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். மேசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போய், "சல்ஃபா மாத்திரை ஆகாது. ரெண்டு தடவை வந்திருக்கு" என்றேன். அவர் தட்டினார்.

"நீங்க அம்மாவுக்கு என்ன வேணும் சார்?"

"கணவர்" என்றேன்.

அதையும் தட்டினார்.